குடிவாரதாரரா என்று கேட்டார்கள்

என் அப்பா ஒரு நாளும் குடித்ததில்லை. இதைச் சொல்லித்தான் அம்மா நிலத்தைப் பறிகொடுத்தாள்.

பனமலை ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர். நிலம் வேறொருவருடையது, உழுது மல்லாட்டை போட்டு, விளைந்ததில் பாதியை அவருக்கு அளந்தது எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மாவே பார்த்துக்கொண்டாள். நிலக்காரரின் மகனுக்குப் பிளாட் போடும் ஆசை வந்தது. நாங்கள் வெறும் கூலியாட்கள் என்று மனு கொடுத்தார். விசாரணைக்கு அம்மாவைத் திண்டிவனம் ரெவின்யூ ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே எழுத்தர் கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் குடிவாரதாரரா?”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாங்க இப்டி கேக்கறீங்க? அந்த மனுசன் குடிச்சதே இல்லீங்க. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

அறையே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இல்லைன்னு சொல்லிட்டாங்க, பதிவு பண்ணுங்க சார்” என்றார். பண்ணினார்கள். அம்மா கையெழுத்தும் போட்டாள். பக்கத்தில் இருந்த நானும் சிரித்தேன். எனக்கும் அந்த வார்த்தை தெரியாது. டிகிரி வேறு படித்திருக்கிறேன்! நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு விழுப்புரத்தில் நாங்கள் தேடிப்போன வக்கீல்தான் தலையில் அடித்துக்கொண்டு அர்த்தம் சொன்னார். குடி என்றால் ஓரிடத்தில் தங்கி மண்ணைப் பயிரிட்டு வாழும் குடும்பம். குடியானவன் என்பதில் இருப்பதும் அந்தக் குடிதான். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. பயிரிடுகிறவருடைய பங்கு குடிவாரம். மேலே இருப்பவருடையது மேல்வாரம்.

எங்கள் ஊரில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? ‘வாரத்துக்குப் பயிர் வெக்கிறீங்களா’ என்று கேட்டிருந்தால் அம்மா ஒவ்வொரு வரப்பையும் சொல்லியிருப்பாள். அப்படிக் கேட்க அவர்களுக்கு வாய் வலித்ததா? தெரியாமல் கேட்டார்கள் என்று நான் நம்பவில்லை. சிரித்த சிரிப்பே சொன்னது.

உத்தரவு வந்தது. அதில் அம்மாவுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்: ஆக்கிரமிப்பாளர்.

“அப்டின்னா இன்னாடி?” என்றாள்.

இந்த முறை அர்த்தம் தெரியாமல் விடக்கூடாது. “அடுத்தவங்க நெலத்தைப் புடிச்சுக்கினவங்கன்னு அர்த்தம்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

“அவரு குடிப்பாருன்னு பொய் சொல்லியிருந்தா நெலம் நின்னிருக்குமாடி?”