படகு ஃபிரிட்ஜும் சகலையும்

என் மனைவியின் தம்பி மெர்சிங் கடற்கரையில் ஒரு படகு வைத்திருக்கிறார். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் பிழைப்பு. அந்தப் படகின் ஃபிரிட்ஜ் கெட்டுப்போன விஷயம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி சின்ன மாப்பிள்ளைய கூப்பிட்டிருக்கானாம். சனிக்கிழம வந்து பாக்குறாராம்."

சின்ன மாப்பிள்ளை என்றால் என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரர். ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். நான் சிம்பாங் ரெங்கத்தில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிறவன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் ஃபிரிட்ஜ் என்றால் இத்தனை காலமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"நானும் வரேன்னு தம்பிகிட்ட சொல்லு."

"உங்கள யாருங்க கூப்பிட்டா?"

"கூப்பிட்டாத்தான் போகணுமா? கடல் காத்து வாங்கப் போறேன்."

பழுது பார்க்கும் சாமான்களையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். காற்று வாங்க எதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று அவள் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

நான் போய்ச் சேர்ந்தபோது சகலை படகின் உள்ளறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபிரிட்ஜின் கண்ட்ரோல் பெட்டி திறந்து கிடந்தது. உப்புக் காற்றில் ஒயர் முனைகள் பச்சையாகப் பூத்துப் போயிருந்தன. தெர்மோஸ்டாட்டுக்குப் போவது, காற்றாடிக்குப் போவது, கம்ப்ரசருக்குப் போவது என்று ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் போட்டு, முனையில் செம்புக் குப்பி மாட்டி, ஒரு கருவியால் அழுத்திக் கடிக்க வைத்தார். நான் ஒயரை முறுக்கி டேப் சுற்றிப் பழகியவன். அந்தக் கருவி 'டிக்' என்று கடிக்கும்போதெல்லாம் என்னையே கடித்ததுபோல் இருந்தது.

"பாருங்க பெரிய மச்சான், சின்ன மச்சான் வேல நகை செஞ்ச மாதிரி இருக்குலா," என்றார் பக்கத்தில் நின்ற மச்சான், என் மனைவியின் தம்பி. நான் அவருக்குப் பெரிய மச்சான், சகலை சின்ன மச்சான்.

"ஒரு ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றேன்.

சகலை நிமிராமலே சிரித்தார். "கடல்ல குடும்பம் நடத்துற ஃபிரிட்ஜ்ணே. அலங்காரம் பண்ணாட்டி கோவிச்சுக்கும்."

மச்சானும் சிரித்தார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பேட்டரி படகின் பின்பக்கம், ஃபிரிட்ஜ் முன்பக்கம். நடுவில் ஓடிய பழைய ஒயரும் அரித்துத்தான் இருந்தது. "பேட்டரிலேர்ந்து வர்ற ஒயர நான் இழுத்துடுறேன் தம்பி," என்றேன்.

"சரிண்ணே, நீங்க பாத்துக்குங்க," என்றார் சகலை.

வேனிலிருந்த ஒயர்ச் சுருளை எடுத்து வந்தேன். வீட்டுக்குப் போடுவது. வீட்டு மின்சாரத்தையே தாங்குகிற ஒயர், வெறும் பன்னிரண்டு வோல்ட்டைத் தாங்காதா என்று நினைத்தேன். பலகைகளுக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து, ஒழுங்காகக் கிளிப் அடித்து இழுத்து முடித்தேன்.

மச்சான் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது அடுப்போ காரோ, எதுவானாலும் மூத்த மருமகன் கைதான் முதலில் பட வேண்டும். "பெரிய மச்சான், சாமிய கும்பிட்டுட்டு நீங்க சுவிட்ச போடுங்க. விடிஞ்சா ஆளுங்க வந்துருவாங்க," என்றார். முருகா என்று சொல்லி அழுத்தினேன். கம்ப்ரசர் முனகி எழுந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குள் கம்ப்ரசர் நின்றுவிட்டது. கண்ட்ரோல் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்தது, மறுபடி நின்றது.

உண்மையைச் சொன்னால், 'அப்பாடா, அவர் வேலையிலும் தப்பு இருக்கிறது' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சகலை மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். முழுசாக இருந்தது. கம்ப்ரசர் எழும் நேரத்தில் ஃபிரிட்ஜ் பக்கம் வைத்தார். முள் விழுந்தது. பலகையைத் தூக்கி என் ஒயரை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வோல்ட் குறைந்தால் அதே வேலைக்குக் கரண்ட் அதிகம் ஓட வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு இந்த மெல்லிய ஒயர் எப்படிப் போதும்?

"அலமாக்! என்ன ஆச்சு?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல மச்சான். தடிச்ச ஒயர் போடணும். அண்ணன்கிட்ட நான் சொல்லாம விட்டுட்டேன்."

என்னைக் காப்பாற்றத்தான் சகலை அப்படிச் சொன்னார். வேலையில் கெட்டிக்காரர் என்பதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். குணத்திலும் அவரே உயரமாக நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்கு யாரும் சொல்லித் தரணும்னு இல்ல. ஒயர் போட்டது நான், தப்பும் என்னுதுதான்," என்றேன். நேர்மையாகப் பேசினேன் என்று மச்சான் நினைத்திருக்கலாம். பொறாமைதான் அப்படிப் பேச வைத்தது.

"யாரு தப்பா இருந்தா என்னலா? ஐஸ் வருமா வராதா, அத சொல்லுங்க," என்றார் மச்சான்.

தடித்த ஒயர் சகலையின் பையிலேயே இருந்தது. இல்லாமல் இருக்குமா? நான் மறுபடி தவழ்ந்து இழுத்தேன். சகலை கருவியை என்னிடம் நீட்டி, "இந்த முனைய நீங்க கடிக்க வைங்கண்ணே," என்றார். கடிக்க வைத்தேன். கைக்குப் பிடித்துப்போனது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்ததும் மச்சான் என்னைப் பார்க்காமல், "சின்ன மச்சான், இந்த வாட்டி நீங்க போட்டுப் பாருங்கலா," என்றார்.

சகலை கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லாமல் அவர் தொடமாட்டார் என்று தெரிந்தது. மூன்று வார்த்தைக்கு நாக்கு அவ்வளவு கனத்தது.

"நீங்களே போடுங்க தம்பி."

அழுத்தினார். கம்ப்ரசர் எழுந்தது, நிற்காமல் ஓடியது. விளக்கு மின்னவில்லை. மச்சான் சற்றுப் பொறுத்து ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்து, சகலையின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

நான் மேல்தட்டுக்கு வந்து படகுத்துறையைப் பார்த்து நின்றேன். முருகா, காலையில் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும், மச்சான் தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று கும்பிட்டேன். சகலைக்கும் சேர்த்து வேண்டுவதுதான் முறை. அது மட்டும் அன்று வாயில் வரவில்லை.