வேல் பாறையில் கழற்றி வைத்த ஷூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தப்பும் தவறுமாக எழுதிவிடுவோமோ என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. நடந்ததைச் சொன்னால்தான் அது உங்களுக்குப் புரியும்.

கொரோனா எல்லாம் அடங்கிய பிறகு வந்த ஒரு தை மாதம். ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலையில் நடந்தது இது. எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை. உடம்பில் சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது, நடங்கள் என்றார் டாக்டர். பாலாற்றுக் கரையில் நடக்கப் போனேன். அங்கே காலையில் ஓடுகிற ஒரு கூட்டம் என்னையும் சேர்த்துக்கொண்டது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட்டப் பழக்கம் வந்துவிட்டது எனக்கு. என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. "ஊருக்கெல்லாம் ஷூ வெட்டிக் கொடுத்தவரு இப்பதான் தனக்கு ஒண்ணு மாட்டிப் பாக்குறாரு" என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்தாள்.

அந்தக் கூட்டத்தோடுதான் மலை ஓட்டப் போட்டிக்குப் போனேன். ரோட்டில் ஓடுவது போல இல்லை அது. ஒற்றையடிப் பாதை. கல்லும் வேரும் காலை வாரும். பல இடங்களில் ஓட்டம் எங்கே, கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். வழி தெரிவதற்காக மரக்கிளைகளில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் கீழே திரும்பினால்தான் மெடல். மேலே டவர் கிடைக்காது என்றதால் போனைக் கீழேயே பையில் போட்டுவிட்டேன். ஏறுகிறபோதே என் கூட்டத்து ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் கடைசி ஆட்களில் ஒருவன்.

ஆனால் மேலே போனதும் பட்ட பாடெல்லாம் மறந்துவிட்டது. பனி விலகி வெயில் வந்த நேரம். தூரத்தில் ஏலகிரி நீலமாகத் தெரிந்தது. கீழே வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷெட்டுகளின் தகரக் கூரை மின்னியது. அந்தக் கூரைகளுக்குள்ளேயே ஆயுசைக் கழித்தவனுக்கு, இவ்வளவு பெரிய ஊரைச் சாமி மேலே இருந்து இப்படித்தான் பார்க்கிறார் போல என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

பாதையை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை. அதன் முன்னால் வேல் ஒன்றை நட்டு, எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருந்தார்கள். கோபுரம் இல்லை, சுவர் இல்லை, வேல் மட்டும்தான். முருகனைக் கண்டுவிட்டு ஷூவோடு தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்துவிட்டு, கும்பிட்டேன். கும்பிட்டதோடு விட்டிருக்கலாம். மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்று ஆசை. முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது சுற்றில், கைகூப்பிக் கண்ணைப் பாதி மூடியபடி, பாறைக்குப் பின்பக்கம் வந்தேன். வெயில் படாத இடம், பாசி பிடித்திருந்தது. வெறுங்கால் வழுக்கிவிட்டது.

எழுந்திருக்கக்கூட நேரம் இல்லை. சரிந்துகொண்டே போய், ஒரு புதர் தடுத்ததில் நின்றேன். வலது கணுக்கால் மடங்கிவிட்டது. அடியில் ஒருவர் குந்தி உட்காரும் அளவுக்குச் சாய்வான கல், அதற்குக் கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டேன். நகர்ந்தால் மண் உதிர்ந்தது.

கத்தினேன். பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனார்களோ என்னவோ, நிற்கவில்லை. கடைசி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வர ஒருவர் இருப்பார் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் ரிப்பனைப் பார்த்துப் போவாரே தவிர, பாறைக்குப் பின்னால் எதற்கு எட்டிப் பார்க்கப் போகிறார்? கை மரத்துக்கொண்டே வந்தது. தொண்டையும் கட்டிவிட்டது. முருகா முருகா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. மனைவி முகமும் மகள் முகமும் மாறி மாறி வந்தன.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

உள்ளே என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, இங்கே என்று ஒரு சத்தம் போட்டேன். பாறை ஓரத்தில் தாடி வைத்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் அவர். நல்ல கனமான உடம்பு. ஏறும்போது எனக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, என் ஷூ கம்பெனி வேலையை விசாரித்தபடி வந்தவர்.

அசையாதீங்க என்று சொல்லிவிட்டு, ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை, கடைசியில் வர வேண்டியவரையும் காணோம். இடுப்புப் பையில் இருந்து ஒரு லுங்கியை எடுத்தார். ஓட்டம் முடிந்ததும் மாற்றிக்கொள்வதற்காக மடித்து வைத்திருந்ததாம். அதைக் கயிறு போல முறுக்கி, ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, பாசியிலேயே குப்புறப் படுத்து, மறு நுனியை என்னிடம் இறக்கினார்.

"புது லுங்கிண்ணே, கிழியாது. நம்பிப் புடிங்க."

பிடித்தேன். அவர் இழுக்க இழுக்க, நல்ல காலை உந்தி உந்தி ஏறினேன். பாதியில் அவரும் ஒரு சாண் சரிந்தார். இரண்டு பேரும் போய்விடுவோம் என்றே நினைத்தேன். லுங்கியை விடச் சொன்னேன். அவர் விடவில்லை.

மேலே வந்து மல்லாந்து கிடந்தோம். அவருக்கு இரண்டு முட்டியும் சிராய்த்து ரத்தம். பிறகு அவர்தான், "இன்னா வெயிட்ணே நீங்க. கம்பெனியில சோறு ஜாஸ்தி போடுறாங்களா?" என்றார். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

நான் இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஷூவைக் காட்டினார்.

"பள்ளிவாசல் வாசல்ல செருப்பு கெடந்தா உள்ள ஆள் இருக்குதுன்னு அர்த்தம். கும்புடத்தான் போயிருக்காருன்னு நின்னேன். வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன், வரல. அப்படியே வுட்டுட்டு எப்படிணே போறது?"

எனக்கு முன்னால் போனவர்களும் அந்த ஷூவைப் பார்த்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வேலுக்கு முன்னால் ஒரு ஜோடி ஷூ, அவ்வளவுதான். ஆனால் இந்த மனுஷர் யாரோ சாமி கும்பிட்டு முடிக்கட்டும் என்று, தன் போட்டியை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார்.

அவர் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே இறங்கினேன். வழியில் ஒரு ஓடையில் கைகால் கழுவி, சிராய்த்த முட்டியோடேயே தொழுதார். அவர் முடிக்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே போய்ச் சேர்ந்தபோது பந்தலைக்கூடப் பிரித்துவிட்டார்கள். மெடல் இரண்டு பேருக்கும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் என் மனைவி கோயிலுக்குப் போய், என் பேருக்கு அர்ச்சனை முடிந்ததும் இன்னொரு தட்டை நீட்டிப் பாயின் பேரைச் சொல்லியிருக்கிறாள். குருக்கள் ராசி, நட்சத்திரம் கேட்டாராம். "அதெல்லாம் தெரியாது சாமி. என் தாலிய காப்பாத்துன புண்ணியவான், பேரை மட்டும் சொல்லுங்க" என்றாளாம். அவர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அந்தப் பேரைச் சொல்லியே அர்ச்சனை செய்தாராம். இதைக் கேட்டுப் பாய் போனில் வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்து, அக்காவுக்கு என் சலாம் சொல்லுங்க என்றார்.

இப்போது என் தயக்கத்தைச் சொல்கிறேன். நான் இதைச் சொன்ன இடத்திலெல்லாம் கதை மாறிப்போனது. தெரு பஜனைக் கூட்டத்தில், முருகனே பாய் வேஷத்தில் வந்தான் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம் என்று ஒருத்தர் சேர்த்துக்கொண்டார். இன்னொரு பக்கம், பாய் என்பதையே எடுத்துவிட்டு யாரோ ஒரு ஆள் என்று சொன்னார்கள். எழுதிவைத்தால் இன்னும் என்னவெல்லாம் ஆகுமோ என்று பயந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை.

படிக்கிறவர்கள் யாரிடமாவது இதைச் சொல்வதானால், தயவுசெய்து கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே சொல்லுங்கள். வந்தவர் சாமி இல்லை. வழுக்கினால் தானும் போய்விடுவோம் என்று தெரிந்தே பாசியில் படுத்த மனுஷன். அப்படி ஒரு மனுஷனை எனக்குப் பின்னால் வர வைத்தாயே என்றுதான் இன்றைக்கும் முருகனுக்குத் தினமும் விளக்கு ஏற்றிக் கும்பிடுகிறேன்.