வலது ஓரத்து இடம்

வகுப்பில் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை இழுத்துப் போட்டு இடுப்பொடியும். சாயங்காலம் சமூகக்கூடத்தில் டேக்வாண்டோ சண்டைக்கலை வகுப்பு. அங்கே தகுதிப்படிதான் வரிசை. முன்வரிசையின் வலது ஓரம் மூத்தவருக்கு. எல்லோரையும் வணங்கச் சொல்லிக் குரல் கொடுப்பதும் அவர்தான். கறுப்புப் பட்டையில் மூன்றாம் படியான மூன்றாம் டானோடு முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. அப்படியும் அந்த ஓரத்தை அவள் யாருக்கும் விட்டதில்லை. கேட்க யாருக்கும் துணிச்சலும் வந்ததில்லை.

இன்று அதே வகுப்பில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகள் நான்காம் டான் தேர்வுக்கு நிற்கிறாள். தேறிவிட்டால் ஓரம் அவளுக்கு. பெரியக்கா ஓர் இடம் தள்ளி நின்று, அவள் குரலுக்குக் குனிய வேண்டும். தூக்கி வளர்த்த பிள்ளையாயிற்றே, பெருமை இல்லாமல் இருக்குமா? இருந்தது. அப்படியும் காலையில் சலவைக்கூடத்தில் மடித்த விரிப்பையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டம் பலகை உடைப்பது. அதைப் பிடித்துக்கொள்வது இந்த வகுப்பில் மூத்தவர் பொறுப்பு. சும்மா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பிடிப்பவர் கை கொஞ்சம் இளகினால் போதும், பலகை உடையாமல் தப்பித்துவிடும், உதைத்த கால்தான் வீங்கும்.

அண்ணன் மகள் சுழன்று உதைத்தாள். டொப்பென்று சத்தம்தான் வந்தது. பலகை முழுசாக இருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னும் ஒரு வாய்ப்புதான்,” என்றார் தேர்வாளர்.

பெரியக்கா பலகையைத் திருப்பிப் பார்த்தாள். தன் கை இளகியது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் எல்லார் முன்னாலும் மானம் கப்பலேறும். மூடிக்கொண்டால் பிள்ளையின் தலையில் மண். பாழாய்ப்போன கை, இன்றைக்கா இப்படிச் செய்யும்?

“சார், தப்பு என் மேல. நான் சரியா பிடிக்கல. வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க.”

அந்த உதை கணக்கில் சேராது என்று சொன்ன தேர்வாளர், வகுப்பில் இருந்த கட்டுமஸ்தான எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கைகாட்டினார்.

“வேணாம் சார். அத்தையே பிடிக்கட்டும்,” என்றாள் அண்ணன் மகள்.

பெரியக்கா பின்காலை ஊன்றி, முழங்கையை இறுக்கினாள். இந்தத் தடவையும் இளகினால் என்ன செய்வது? குதிகால் வந்தது. பலகை இரண்டாகப் பிளந்தது.

அண்ணன் மகள் தேறிவிட்டாள், வரிசை மாறியது. வலது ஓரத்திலிருந்து புதுக்குரல் எழ, பெரியக்கா எல்லோரையும் முந்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது அண்ணன் மகள் மெல்லக் கேட்டாள்.

“எனக்கு அடிபட்டுடும்னு பயந்துதானே அத்தை, கை இளகுச்சு?”

“அதனாலயா, இல்ல அந்த இடம் போயிடும்னா... எனக்கே தெரியலம்மா. யோசிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.”

அவள் அத்தையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“யோசிக்காதீங்க அத்தை.”