படலைக்கு வெளியே மாட்டெலும்பு

எங்கள் ரெக்ஸ், கன்றுக்குட்டி அளவு நாய். நேற்றுக் கோழி எலும்பு தொண்டையில் சிக்கி, அரும்பொட்டில் தப்பியது.

இன்று ஊருக்குள் பஸ்போல ஓடும் தட்டிவானில், பக்கத்தில் இருந்த அல்லைப்பிட்டி அந்தோனி அண்ணையிடம் சொன்னேன்.

"சமைச்ச எலும்பு ஊசி ஊசியாய் முறியும். பச்சை மாட்டு முழங்கால் எலும்பு, அதின்ர வாயைவிடப் பெரிசாய்ப் பார்த்துக் குடும்" என்றார்.

வாங்கி வந்தேன். அம்மா வாசற் படலையில் மறித்தார்.

"கோழி எண்டால் பரவாயில்லை. மாடு இந்தப் படலைக்குள்ள வரேலாது!"

வெளியே ஒழுங்கையில் வைத்தே கொடுத்தேன். ரெக்ஸ் கண்ணை மூடிக் கடித்த அழகுக்கு அம்மாவும் சிரித்துவிட்டார்.

பிறகு மிச்சத்தைக் கவ்விக்கொண்டு வேலி பிரிந்து கிடந்த பொட்டால் உள்ளே நுழைந்தது. அம்மா சாமிக்குப் பூப் பறிக்கும் செவ்வரத்தைச் செடியின் அடியிலேயே புதைத்துவிட்டது. பார்த்தது நான் மட்டும்தான்.

நாளை வெள்ளிக்கிழமை. நீங்கள் என்றால் அம்மாவிடம் சொல்லுவீர்களா?