எருக்குழிக்குள் ஒரு டிரம்

டிரம்மை எருக்குழியில் புதைத்தது என் புத்திதான். பாக்டீரியாவுக்குக் கதகதப்பு வேண்டும். மக்கும் சாணத்தைவிடக் கதகதப்பான இடம் கீழக்குயில்குடியில் ஏது? அத்தை வீட்டில், மழையில் நனைந்து மாடு முகர்ந்துகூடப் பார்க்காத வைக்கோல் ஒரு போர் கிடந்தது. அதை வேகவைத்து, நொதி சேர்த்து, சர்க்கரைத் தண்ணீராக்கி, பாக்டீரியாவை விட்டு மூடியிருந்தேன். எல்லாம் சரியாக நடந்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். அதிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம். என் ஆராய்ச்சியே அதுதான்.

ஏற்கெனவே இரண்டு முறை ஈஸ்ட் புகுந்து, அமிலத்துக்குப் பதில் ஆல்கஹாலாகிவிட்டது. வாங்கிய நொதியும் இந்த டிரம்மோடு தீர்ந்தது. இதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான்காம் நாள் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து, காளவாசலில் மாறி, ஓட்டமும் நடையுமாக வந்தால் எருக்குழி ஓரம் போலீஸ் ஏட்டு நிற்கிறார்! சாராய ஊறல் என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊறல் போடுகிறவனும் டிரம்மை அங்கேதான் புதைப்பான். படித்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

"கொட்டிரலாமா?" என்றார் ஏட்டு.

"ஏட்டையா, கொட்டிராதீக! மோந்து பாருங்க. ஊறலா இருந்தா நானே கொட்டிர்றேன்."

வாய் சொல்லிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

ஏட்டு மூடியைத் திறந்து தலையையே உள்ளே விட்டார். எத்தனையோ ஊறலைக் கண்டுபிடித்த மூக்கு அது. மறுபடியும் மோந்தார். முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா இது, வெறும் புளிப்பாவுல்ல அடிக்குது. சரக்கு வாடையே இல்ல."

"நெசமாவா? கொஞ்சங்கூட இல்லையா?"

"இம்புட்டுக்கூட இல்ல."

ஒரு டம்ளர் மொண்டு அடுப்படிக்கு ஓடினேன். ஏட்டுக்கு டீ போட அத்தை காய்ச்சிக்கொண்டிருந்த பாலில் அப்படியே ஊற்றினேன். கண்ணெதிரே பால் திரிந்து கட்டிகட்டியாக மிதந்தது. அமிலம்! அமிலமேதான்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அடிப் பாவி, ஏட்டையாவுக்கு வச்ச பாலுடி!" என்று அத்தை கரண்டியை ஓங்கினாள்.

"கேசும் போச்சு, டீயும் போச்சு" என்று முனகிக்கொண்டே ஏட்டு பைக்கை உதைத்தார். ஓடிப்போய் முன்னால் நின்று மறித்தேன்.

"ஏட்டையா, இன்னொரு தடவ சொல்லிட்டுப் போங்க."

"என்னத்தம்மா?"

"சரக்கு வாடையே இல்லன்னு!"