மேல்மாடிக்காரர் காய்ச்சிய பாணி

எழுபதுகளில் ரொறன்ரோவில் நான் நிலவறையில் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் தமிழர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். ஒல்லியான மனிதர். எதற்குப் பதில் சொல்வதானாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் சொல்வார்.

நடுமாடியில் குடியிருந்த வெள்ளைக்கார வீட்டுக்காரன், அவர்களுடைய கறி மணம் சுவரில் ஒட்டிய பூத்தாளைக் கெடுக்கிறதென்று குளிர்காலம் முழுவதும் படியில் நின்று கத்தினான். பனி உருகத் தொடங்கியதும் அவனே பெருமையாக, வளவிலிருந்த மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறெடுத்து, அதை இனிப்புப் பாணியாகக் காய்ச்ச அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். பாணியை வெளியில்தான் காய்ச்ச வேண்டும், ஆவி பட்டால் சுவர்த்தாள் உரிந்துவிடும் என்றும் எச்சரித்தான்.

அடுத்த ஞாயிறு நான் மேலே போனேன். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அடுப்பு நிறையப் பானைகள் கொதிக்க, மனைவியும் பிள்ளைகளும் முறைவைத்துக் கிண்டினார்கள். சுவர்த்தாள் நாக்கு நாக்காகத் தொங்கியது.

"அண்ணை, வெளியில காய்ச்சச் சொன்னவனெல்லே?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஓம், சொன்னவன். அதாலதான் உள்ளுக்கை காய்ச்சிறன்."

வீட்டுக்காரன் ஏறி வந்து தொங்கிய தாளைப் பிடித்துப் பார்த்தான். அவர் சுடச்சுட ஒரு போத்தல் பாணியை அவன் கையில் கொடுத்து, "கறி மணக்குதோ எண்டு மணந்து பார்" என்று தமிழிலேயே சொன்னார்.

அந்த மனிதருக்கு இனிப்பே பிடிக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.