மாணிக்கம் அண்ணனுக்குப் போன பொய்த் தந்தி

மாணிக்கம் அண்ணன் இன்று காலை காலமானார். மலாக்கா காஜா பேராங்கில், தம்பி வீட்டில்.

இங்கிலாந்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவரை, கடைசி வருஷத்தில், பொய்த் தந்தி அடித்து ஊருக்கு இழுத்தார்கள். அடித்தவர் சொந்தத் தாய்மாமன். பெற்ற தாய்க்கும் தெரியும்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

"பழசை ஏன் கிளறுகிறீர்கள் ஐயா" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். கிளறத்தான் எழுதுகிறேன்.

மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்கினதற்கு, முந்தின வருஷங்கள் அவை. எங்கள் வரிசை வீடுகளிலிருந்து கப்பலேறிப் படிக்கப் போன முதல் ஆள் அண்ணன்தான். உதவிப்பணம் கிடைத்துப் போனார்.

நான் அடுத்த வீடு. ஆறாம் வகுப்போடு நின்றவன். அவர் விட்டுப்போன ஒரு பழைய புத்தகத்தை வைத்துத்தான் கரண்ட் என்றால் என்ன என்று நானாகப் படித்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். லேபில் ஒரு பெரிய மோட்டார்... சுற்றிலும் கூடப் படிக்கிறவர்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

மோட்டாரை யாரும் பார்க்கவில்லை.

மாமாவுக்கு ஒரு மகள். அண்ணனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

"இதுக்கு மேல விட்டா பையன் நம்ம கையில இல்லக்கா. தந்தி அடிச்சிடுவோம்" என்றார் மாமா.

"அப்ப என் உசுருக்கு ஆபத்துன்னே அடி. அதுக்குத்தான் வருவான்" என்றார் அண்ணனின் அம்மா.

நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. என் அப்பா போய், "வேணாங்க, படிக்கிற பிள்ளை" என்றார். "உன் வீட்டைப் பாரு" என்று அனுப்பிவிட்டார்கள்.

தாய் சாகக் கிடக்கிறாள், உடனே வா. அவ்வளவுதான் தந்தி.

விமானத்துக்கு அவரிடம் ஏது வசதி... கப்பல்தான். வாரக்கணக்கில் கடல். ஊரிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

கப்பலில் நடந்ததை என்னிடம் ஒரே முறைதான் சொன்னார்.

கொழும்பில் இறங்க வேண்டிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கூட வந்தாராம். "இவ்வளவு நாள் ஆகிட்டுது தம்பி. நீர் மூத்த பிள்ளை. கிரியை தவறக் கூடாது" என்றாராம்.

அம்மா போய்விட்டாள் என்றே அண்ணன் நம்பிவிட்டார். கப்பலிலேயே தலையை மழித்துக்கொண்டார். சமையல்கட்டில் ஒரு பிடி சோறு வாங்கி, உருட்டி, அம்மா பெயரைச் சொல்லிக் கடலில் போட்டார்.

மெர்டேக்கா கொடி ஏறின வருஷம் அது. சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா வந்து, டாக்சி பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தார். பந்தல் போட்டிருந்தது. இழவுப் பந்தல் என்று நினைத்து அழுதுகொண்டே இறங்கினார்.

கல்யாணப் பந்தல்.

அம்மா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தார். தலையைப் பார்த்தார்.

"யாருக்குடா மொட்டை?"

"உனக்குத்தாம்மா... பிண்டமும் போட்டுட்டேன்."

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாடா? அதுக்குள்ள என்னா அவசரம்?"

"நீங்கதானே மாமா உடனே வரச் சொன்னீங்க?"

கல்யாணம் நடக்கவில்லை. உயிரோடு இருக்கும் தாய்க்குக் காரியம் செய்தவன் கழுத்தில் மாலை ஏறக் கூடாது... சொன்னது அதே மாமா. மகளைச் சிரம்பானில் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்.

அண்ணன் கல்லூரிக்கு எழுதினார். பாதியில் போனவருக்கு உதவிப்பணம் தொடராது என்றார்கள். மறுபடி எழுதினார். அதே பதில்.

பிறகு தெங்கேராவில் இருந்த ஐஸ் ஃபேக்டரியில் என்னோடு வேலைக்கு வந்தார். எல்லோருக்கும் அவர் 'மொட்டை இன்ஜினியர்'. முடி வளர்ந்து நரைத்த பிறகும் அதே பெயர்தான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "அண்ணே, இங்கருந்தே பரீட்சை எழுதிப் படிப்பை முடிச்சிடலாமே. நானும் கூட உட்கார்றேன் லா."

"முடிக்கவா? நான்தான் எல்லாத்தையும் முந்தியே முடிச்சிடுற ஆளாச்சே!"

அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகும் ரொம்ப காலம் இருந்தார். அண்ணன் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட்டதில்லை. "செத்தவளுக்குப் போட்ட கை" என்பார்.

அவர் உண்மையிலேயே இறந்தபோது கொள்ளி வைத்தது தம்பி. "அண்ணந்தான் அப்பவே செஞ்சிட்டாரே" என்றார்கள். அண்ணன் வாசல் கேட்டுக்கு வெளியே, தலை நிறைய முடியோடு நின்றார்.

கல்யாணம் இல்லை. பிள்ளை இல்லை.

இப்போது மாமாவின் பேரன் பேனர் அடிக்கிறாராம். 'லண்டன் இன்ஜினியர்' என்று போட்டு.

அந்த வார்த்தையை அவர் எடுக்க வேண்டும். பெயர் மட்டும் போதும்.

தம்பியின் பேரன் மெல்பர்னில் இன்ஜினியரிங் படிக்கிறான். இது பரீட்சை நேரம். பெரிய தாத்தாவுக்குக் கொள்ளி வைக்க அவனைக் கூப்பிடலாம் என்று காலையிலிருந்து அந்த வீட்டில் பேச்சு. கூப்பிடக் கூடாது. இதில் யாரும் அவனை டேக் செய்யவும் வேண்டாம். அவனாகக் கேட்டால் அவன் அப்பா உண்மையைச் சொல்லட்டும், பரீட்சையை முடித்துவிட்டு வா என்றும் சொல்லட்டும்.

கொள்ளியைத் தம்பியே வைக்க வேண்டும். அம்மாவுக்கு வைத்தவர்தானே.

தலையை மழிக்க உட்காருவதற்கு முன்னால், தம்பி உள்ளே போய் அண்ணன் கையை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

நான் தொட்டுப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை நிஜம்தான்.

போய்ட்டு வாங்கண்ணே.